வெளியே வராத குண்டு

கேசி, வயோமிங்
18 ஜனவரி 1982

ஆரினுக்கு,

அண்ணி கடிதமெல்லாம் எழுதுகிறாளே என்று உனக்குத் தோன்றும். போனில் பேசியிருக்கலாம். ஆனால் எங்கள் டெலிபோன் கம்பி ஒன்றிலேயே எட்டு வீடு. நான் ரிசீவரை எடுத்தால் எட்டு வீட்டிலும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து காது கொடுப்பார்கள். இந்தச் சமாச்சாரம் அவர்கள் வாய்க்கு வேண்டாம்.

பிஷப் செத்துவிட்டான். ஒன்பதாம் தேதி சனிக்கிழமை யாரோ சுட்டிருக்கிறார்கள். மறுநாள் காலையில் மேய்ப்பன் டியோடோரோ போய்ப் பார்த்தபோது ஆட்டு மந்தைக்கு நடுவில் படுத்துக் கிடந்திருக்கிறான். பனியில் அவன் வந்த வழி முழுக்கச் சொட்டுச் சொட்டாக ரத்தம். அடிபட்ட பிறகும் அரை மைல் நடந்து ஆடுகளிடம் வந்து சேர்ந்திருக்கிறான்.

போன நவம்பர் நன்றி நாள் விருந்தில் நீ வான்கோழியை வெட்டிக்கொண்டே "அந்த வெள்ளைக் கம்பளி வசந்தத்தப் பாக்காது அண்ணி, எவனாவது ஒருத்தன் போட்டுத் தள்ளிருவான்"னு சிரித்தாயே, அதே நாய்தான். அன்றைக்குத்தான் நானும், இனித் துப்பாக்கியோடு என் நிலத்தில் கால் வைக்காதே என்று உன்னிடம் சொன்னேன். இரண்டையும் நான் மறக்கவில்லை. நீயும் மறந்திருக்க மாட்டாய்.

அந்த நாய் வந்து இரண்டு வருஷம். இரண்டு வருஷத்தில் கயோட்டி நரி ஒரு குட்டியைக்கூடத் தூக்கவில்லை. அவன் போன ஒன்பது நாளில் நாலு ஆடு போய்விட்டது. நானே ஒரு ரைபிள் வாங்கப் போகிறேன். உன் அண்ணனுடைய பழைய 30-30 டியோடோரோவிடம் இருக்கிறது. அது வேண்டாம். எனக்குக் கயோட்டிக்கென்றே ஒன்று வேண்டும். எங்கள் மேட்டுக் காற்று உனக்குத் தெரியும். போன வருஷம் ஆடு உதைத்து என் தோள் எலும்பு விட்டுப்போனதும் தெரியும். எந்தக் காலிபர், எந்த அளவுக் குண்டு என்று எழுது.

இன்னொன்று. பிஷப்பின் இடது விலாவில் ஓட்டை பென்சில் முனை அளவுதான். அந்தப் பக்கம் ஓட்டையே இல்லை. மாட்டைப் பார்க்க வந்த டாக்டர் அறுத்துப் பார்த்தார். உள்ளே தூள்தூளாக ஈயம் கிடந்ததே தவிர குண்டு இல்லை. ஊரில் எல்லாரும் டியோடோரோவைத்தான் சொல்கிறார்கள். அந்தப் பக்கத்தில் துப்பாக்கி வைத்திருப்பவன் அவன் ஒருவன்தானாம். மார்ச் முதல் தேதி, வெளிநாட்டு மேய்ப்பர்களை ஒப்பந்தத்தில் கூட்டிவரும் சங்கத்து ஆள் வருகிறான். நாயைக் கொன்றவன் என்று அவன் தாளில் ஏறிவிட்டால் டியோடோரோவைப் பெருவுக்கு அனுப்பிவிடுவார்கள். அப்புறம் இந்த நாட்டுக்குள் விடமாட்டார்கள். அங்கே அவனுக்கு மூன்று பெண் குழந்தைகள்.

30-30 குண்டு உடம்புக்கு உள்ளேயே நின்றுபோகுமா? அதை மட்டும் தெளிவாக எழுது.

வெர்னா


ராலின்ஸ்
24 ஜனவரி 1982

அன்புள்ள அண்ணிக்கு,

பிஷப் விஷயம் கேட்டு மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. நான் கேலி பண்ணினேன், இல்லை என்று சொல்லவில்லை. நாயைக் கேலி பண்ணுகிற எல்லோரும் நாயைக் கொல்லுகிறவர்களா என்ன.

ரைபிள் விஷயத்துக்கு வருகிறேன். முதலில் காற்று. உங்கள் மேட்டில் காற்று ஓய்கிற நாள் வருஷத்துக்கு நாலு வந்தால் அதிகம். அதனால் 223 வேண்டாம். மலிவுதான், தோட்டா எங்கும் கிடைக்கும், ஆனால் இருநூறு தப்படி தாண்டினால் காற்று அதைப் பிடித்து விளையாடும். 22-250 நல்ல சாமான். நூல் பிடித்தாற்போல் போகும், முன்னூறு தப்படி வரை ஏற்றி இறக்கிக் குறி பார்க்கிற வேலையே இல்லை. சமவெளியில் இருந்தீர்களானால் யோசிக்காமல் அதையே வாங்கச் சொல்லியிருப்பேன். உங்களுக்கு 243. குண்டு கனமானது, காற்றுக்கு அவ்வளவு சுலபமாக வளையாது. உதை உண்டு, ஆனால் மான் ரைபிள் மாதிரி இல்லை. பின்கட்டைக்கு ரப்பர் வைத்துத் தருகிறேன், தோளுக்கு ஒன்றும் ஆகாது. ஒரே குறை, கயோட்டியின் தோலைக் கிழித்துவிடும். நீங்கள் தோலா விற்கப் போகிறீர்கள்.

ஒருவேளை விற்கிற எண்ணம் வந்தால் ஒன்று நினைவில் வையுங்கள். கயோட்டி விழுந்ததும் வேறு எதையும் பார்க்காமல் போய் முதலில் ஓட்டையை அடையுங்கள். ரத்தம் வயிற்று மயிரில் இறங்கிவிட்டால் கழுவினாலும் போகாது, வியாபாரி முகத்தைச் சுளிப்பான். துணித்துண்டைச் சுருட்டி, தீக்குச்சியால் திருகித் திருகி உள்ளே தள்ள வேண்டும். துப்பாக்கிக் குழாய் துடைக்கிற துணியே போதும். இத்துடன் பத்துத் துண்டு வைத்திருக்கிறேன், புது ரைபிளைத் துடைக்கவும் ஆகும். மற்றவர்கள் கத்தரியால் சதுரமாக வெட்டுவார்கள், மூலை மடங்கிக் குழாயில் சிக்கும். நான் ஃபிளானலை நாலு மடிப்பாகப் போட்டுத் தோல் உளியால் வட்டமாக அடித்து எடுக்கிறேன். இந்தப் பக்கத்தில் வேறு யாரும் அப்படிச் செய்வதில்லை.

30-30 கேட்டிருந்தீர்கள். நின்றாலும் நிற்கும். தூரம் கூடினால் வேகம் செத்துவிடும். எலும்பில் பட்டாலும் நிற்கலாம். இப்படித்தான் என்று சத்தியம் பண்ண முடியாது.

ஒன்று கேட்கலாமா. அண்ணன் இருந்தவரை நீங்கள் துப்பாக்கியைத் துடைக்கக்கூட எடுத்ததில்லை. இப்போது கடிதம் முழுக்க ஓட்டையும் குண்டும். உங்களுக்கு வேண்டியது ரைபிளா, வேறு ஏதாவதா?

ஆரின்


கேசி
3 பிப்ரவரி 1982

ஆரினுக்கு,

கடிதமும் துணித்துண்டுகளும் கிடைத்தன. பத்திரமாக வைத்திருக்கிறேன்.

நீ எழுதியதை அப்படியே நம்பியிருப்பேன். பல் போன கிழட்டு ஆடு ஒன்று போன வாரம் எழுந்திருக்க முடியாமல் கிடந்தது. எப்படியும் அதன் கஷ்டத்தை முடிக்க வேண்டியிருந்தது. முடித்துச் சூடு ஆறுவதற்குள் வைக்கோல் கட்டில் சாய்த்து வைத்து, 30-30யை எடுத்துக்கொண்டு போனேன். ஐம்பது தப்படியில் ஒன்று. நூற்றைம்பதில் ஒன்று. இருநூற்றைம்பதில் மூன்று, அதில் இரண்டு காற்றோடு போயிற்று. பட்ட மூன்றும் இந்தப் பக்கம் புகுந்து அந்தப் பக்கம் வந்தன. ஒன்று எலும்பை உடைத்துக்கொண்டு வந்தது. வெளியே வந்த ஓட்டையில் என் கட்டைவிரல் போகிறது.

இருபது வருஷமாகத் துப்பாக்கிக் கடை வைத்திருப்பவனுக்குத் தெரியாதது, ஆடு மேய்க்கிற பொம்பளைக்கு ஒரு மத்தியானத்தில் தெரிந்துவிட்டது. இது எனக்குப் பிடிபடவில்லை.

இன்னொன்றும் பிடிபடவில்லை. 223 எழுதினாய், 22-250 எழுதினாய், 243 எழுதினாய். பதினேழு காலிபரை மட்டும் விட்டுவிட்டாய். என் அடுக்களையில் உன் கடைக் காலண்டர்தான் தொங்குகிறது. ஜனவரிப் பக்கத்தில் நீயே கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறாய்: "பதினேழு. ஊசித் துளை. உள்ளே போகும், வெளியே வராது. முழுத் தோல் உங்களுக்கு." வேறெதையும் மறக்கலாம், நீ விற்கிற சரக்கையே மறப்பாயா?

டியோடோரோவிடம் கேட்டேன். "நீ சுட்டியா?" என்று நேராகவே கேட்டேன். அவன் கோபப்படவில்லை. "என் தட்டுல பாதிய அதுக்குத்தான் முதலாளியம்மா போடுவேன்" என்றான். அவ்வளவுதான். அப்புறம் மந்தையைப் பார்க்கப் போய்விட்டான். அவன் இன்னும் ஏதோ வைத்துக்கொண்டு சொல்லாமல் இருக்கிறான் என்று தோன்றியது. யாரைப் பார்த்தாலும் எனக்கு இப்போது அப்படித்தான் தோன்றுகிறது. பக்கத்துப் பண்ணைக்காரர் பலகாரம் கொண்டுவந்து கொடுத்தால்கூட, எதற்குக் கொடுக்கிறார் என்று யோசிக்கிறேன்.

ஒன்பதாம் தேதி சாயங்காலம் நீ எங்கே இருந்தாய்?

வெர்னா


ராலின்ஸ்
9 பிப்ரவரி 1982

அண்ணிக்கு,

ஆக, ரைபிள் வாங்க எழுதிய கடிதம் இல்லை அது. எனக்கு முதலிலேயே பட்டது. காலிபர் கேட்கிற சாக்கில் என் வாயைக் கிளறியிருக்கிறீர்கள். நான் அசடு மாதிரி காற்றையும் தோளையும் யோசித்து மூன்று பக்கம் எழுதியிருக்கிறேன்.

ஒன்பதாம் தேதி கடையில் இருந்தேன். வருஷ முடிவுச் சரக்கு எண்ணிக்கை. கதவைச் சாத்திக்கொண்டு தனியாக எண்ணிக்கொண்டிருந்தேன், சாட்சிக்கு யாரும் இல்லை. சாட்சி தேவைப்படும் என்று யாருக்குத் தெரியும்.

பதினேழை ஏன் எழுதவில்லை என்றால், உங்களுக்கு அது ஆகாது. இருபத்தைந்து கிரெய்ன் எடைதான் குண்டு, உங்கள் காற்றில் பஞ்சு மாதிரி போகும். அது தோல்காரன் துப்பாக்கி. ஊதல் ஊதிக் கயோட்டியைக் கிட்டே கூப்பிட்டு நூறு தப்படியில் சுடுகிறவனுக்கானது. ஆகாததை எதற்கு எழுத வேண்டும்? இந்த மாவட்டத்தில் அது பதினோரு பேரிடம் இருக்கிறது, அதில் ஆறு நான் விற்றது. பலகாரம் கொண்டுவந்து கொடுக்கிறாரே உங்கள் பக்கத்துப் பண்ணைக்காரர், அவரிடமும் ஒன்று இருக்கிறது. அவரிடம் போய் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டீர்களா? மாட்டீர்கள். அவர் வேலியோரம். நான் தூரத்துக் கொழுந்தன், என்னைக் கேட்பது சுலபம்.

அண்ணன் போன நாளிலிருந்து உங்களுக்கு நான் வேண்டாதவனாகிவிட்டேன். அந்த மேட்டில் நானும் அவனும் பத்து வயசிலிருந்து கயோட்டி கூப்பிட்டவர்கள். ஒரு நாய்க்காக அந்த வாசலை அடைத்தீர்கள். இப்போது யாரோ ஒரு மேய்ப்பனுக்காகச் சொந்தத்தைக் கூண்டில் ஏற்றுகிறீர்கள். அவன் போனால் சங்கம் இன்னொருவனை அனுப்பும்.

இதற்கு மேல் எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

ஆரின்


கேசி
15 பிப்ரவரி 1982

ஆரின்,

"அவன் போனால் இன்னொருவனை அனுப்பும்" என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை நாலு தடவை படித்தேன். லேமாரின் தம்பி எழுதியதா இது என்று கையெழுத்தைப் பார்த்தேன். உன் கையெழுத்துதான்.

பக்கத்துப் பண்ணைக்காரரையும் கேட்டேன். நீ சொல்வதற்கு முன்பே கேட்டாயிற்று. அவருடைய பதினேழு போன கோடையிலிருந்து சுடும் ஊசி உடைந்து உன் கடை மாடத்தில்தான் இருக்கிறது. ரசீதைக் காட்டினார். அது உனக்குத் தெரியாமல் இருக்குமா?

இனிச் சுற்றி வளைக்கப் போவதில்லை. முதல் கடிதத்தில் நான் ஒன்றை எழுதவில்லை. பிஷப்பின் விலா ஓட்டையில் ஒரு அடைப்பு இருந்தது. சுருட்டித் திருகி உள்ளே தள்ளிய துணி. டாக்டர் வருவதற்கு முன்பே டியோடோரோ அதை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டான். கொடுக்கும்போது, "இத யாருக்கும் காட்டாதீங்க, காட்டினா உங்க வீடு ரெண்டாயிரும்" என்றான். எனக்குப் புரியவில்லை. தோல்காரன் எவனோ பழக்கதோஷத்தில் அடைத்திருக்கிறான் என்றுதான் நினைத்தேன். வெந்நீரில் ஊறவைத்து விரித்துக் காயப்போட்டு, லேமாரின் புகையிலை டப்பாவில் வைத்தேன்.

அப்புறம் உன் கடிதம் வந்தது. உறையைக் கவிழ்த்தேன், மேஜையில் பத்துத் துண்டு விழுந்தது. வட்டம் வட்டமாக. டப்பாவிலிருந்ததை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். பதினொன்று.

அன்றிலிருந்து அதை வைத்துக்கொண்டுதான் உன்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நீயாகச் சொல்லிவிடுவாய் என்று உன் அடுத்த கடிதம் வரை காத்தேன். நீ அண்டை வீட்டுக்காரரைக் கைகாட்டினாய்.

டியோடோரோவுக்கு அது யாருடைய துணி என்று முதல் நாளே தெரியும். போன வருஷம் நீதான் அவனுடைய 30-30யைத் துடைத்துக் கொடுத்து, ஒரு கட்டுத் துண்டும் கொடுத்தாயாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொந்தக்காரங்க விஷயத்துல நான் வாயத் தெறந்தா நாளைக்கு நீங்க ஒண்ணாயிருவீங்க, நான்தான் நடுவுல நிப்பேன்" என்றான். மூட்டையைக் கட்டி வைத்துவிட்டான். மகள்களுக்கு எழுதிவிட்டானாம், அப்பா சீக்கிரம் வருகிறேன் என்று.

ஷெரீப்பிடம் போகமாட்டேன். போனில் சொல்லி எட்டு வீட்டுக்கு விருந்து வைக்கவும் மாட்டேன். ஆனால் மார்ச் முதல் தேதி சங்கத்து ஆள் என் அடுக்களையில் உட்காரும்போது அவனிடம் காட்ட என் கையில் ஒன்று வேண்டும். அது உன் கையெழுத்தாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் புகையிலை டப்பாவாக இருக்கும்.

எனக்காக ஒரே கேள்வி. ரத்தத்தை நிறுத்தவா அடைத்தாய், தோலுக்காகவா?

வெர்னா


ராலின்ஸ்
20 பிப்ரவரி 1982

அண்ணி,

நான்தான்.

இதை எழுதிவிட்டுக் கடையைச் சுற்றி நடந்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். சங்கத்துக்கு எழுதிய கடிதம் தனியாக இதே உறையில் இருக்கிறது. தேதி, இடம், ரைபிள், என் பெயர் எல்லாம் அதில் உண்டு. டியோடோரோவுக்கு இதில் ஒரு சம்பந்தமும் இல்லை என்று இரண்டு தடவை எழுதியிருக்கிறேன்.

நீங்கள் வரக்கூடாது என்று சொன்னதால்தான் வந்தேன். வேறு காரணம் இல்லை. அண்ணனும் நானும் உட்காருகிற அந்தப் பாறைக்கு, மேற்கு வேலியோரம் வண்டியை விட்டுவிட்டு நடந்து வந்தேன். பனிக்கு வெள்ளை மேலங்கி போட்டிருந்தேன். ஒரு கயோட்டியாவது அடித்து உங்கள் வாசலில் தொங்கவிட்டு, பார்த்தீர்களா உங்கள் கம்பளியின் லட்சணத்தை என்று காட்ட வேண்டும் என்று ஒரு வீம்பு.

முதலில் முயல் சத்தம் ஊதினேன். ஒன்றும் வரவில்லை. அப்புறம் கயோட்டிக்குட்டி அடிபட்டு அலறுகிற சத்தம் ஊதினேன். ஜனவரியில் அதற்குப் பெரிய கயோட்டி ஓடிவரும். காவல் நாயும் ஓடிவரும் என்று எனக்குத் தோன்றவில்லை. தன் மந்தைப் பக்கம் கயோட்டி சத்தம் கேட்டால் விரட்டத்தானே அதை வளர்க்கிறோம். அந்த வேலையைத்தான் அது செய்தது. புதருக்குப் பின்னால் வெளிறிய முதுகு ஒன்று தாழ்ந்து ஓடி வந்தது. அந்தி வெளிச்சம், தூவல் பனி. சுட்டேன். விழுந்தது.

ஓடினேன். மண்டியிட்டேன். பையில் கையை விட்டேன், துணியை எடுத்தேன், சுருட்டினேன், திருகினேன். தீக்குச்சியைக் கீழே போட்ட பிறகுதான் அண்ணி, அதன் முகத்தைப் பார்த்தேன். கழுத்துப்பட்டை தெரிந்தது. அதற்கு முன்பே என் கை வேலையை முடித்துவிட்டது. உங்கள் கேள்விக்கு இதுதான் பதில். ரத்தத்தை நிறுத்த என்று எழுத ஆசையாக இருக்கிறது. மூன்று தடவை அப்படித்தான் எழுதிக் கிழித்தேன். தோலுக்காகத்தான்.

பிறகு அது எழுந்தது. என்னைக் கடிக்கும் என்று நினைத்தேன். நியாயமாகப் பார்த்தால் கடித்திருக்க வேண்டும். என்னை முகர்ந்து பார்த்துவிட்டு ஆடுகள் பக்கம் திரும்பி நடக்க ஆரம்பித்தது. நடக்கிறதே, பிழைத்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வண்டியை எடுத்தேன். பதினேழு குண்டு உள்ளே போய் என்ன செய்யும் என்று காலண்டரில் அச்சடித்தவன் நான். தெரிந்தேதான் போனேன்.

30-30 நிற்கும் என்று எழுதியது பொய். ஒருவன் தலையில் விழும் என்று தெரிந்தே எழுதிய பொய். நாய் விஷயத்தைவிட அதுதான் எனக்கு இப்போது உறுத்துகிறது.

அந்த ரைபிளை வெட்டிப்போட்டுவிட்டேன். நீங்கள் என்ன சொன்னாலும் கட்டுப்படுகிறேன். இனி என் முகத்தில் முழிக்காதே என்று சொன்னாலும் சரி.

ஆரின்


கேசி
4 மார்ச் 1982

ஆரினுக்கு,

சங்கத்து ஆள் வந்து போய்விட்டான். சங்கத்துக்கு நீ எழுதிய கடிதத்தை இரண்டு தடவை படித்தான். "எழுதினவன் பைத்தியமா?" என்று கேட்டான். என் கொழுந்தன் என்றேன். டியோடோரோவின் தாளில் ஒரு கறுப்புப் புள்ளி இல்லை. இன்னும் மூன்று வருஷ ஒப்பந்தத்தில் டியோடோரோ கையெழுத்துப் போட்டுவிட்டான். ஆனால் மூட்டையை நேற்றுவரை அவிழ்க்கவில்லை. அவனுக்கும் என்மேல் நம்பிக்கை வர நாளாகும், நானும் அவனைத்தானே முதலில் கேட்டேன்.

எனக்கு நீ எழுதியதை அவனுக்கு வாசித்துக் காட்டினேன். நாய் திரும்பி நடந்த இடம் வந்ததும் எழுந்து வெளியே போய்விட்டான். திரும்பி வந்து, "தோலுக்காகன்னு ஒத்துக்கிட்டாரில்ல, அப்ப மிச்சத்தையும் நம்பலாம்" என்றான். நானும் அந்த ஒரு வரியால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ரத்தத்தை நிறுத்தத்தான் என்று நீ எழுதியிருந்தால் கடிதத்தை அடுப்பில் போட்டிருப்பேன்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. எனக்கு அதற்கு இப்போது நேரமும் இல்லை. பதினோரு ஆடு போயிருக்கிறது. மே ஐந்தாம் தேதி குட்டி போடத் தொடங்கும்.

காலிபர் கேட்டிருந்தேனே, முடிவு பண்ணிவிட்டேன். ஒன்றும் வாங்கப் போவதில்லை. பிஷப்பைக் கொடுத்த அதே ஆளிடம் இன்னொரு நாய்க்குட்டிக்குச் சொல்லியிருக்கிறேன். எட்டு வாரக் குட்டி. அது மந்தையைப் பார்த்துக்கொள்ள ஒன்றரை வருஷம் ஆகும். அதுவரை ராப்பகலாக ஆடுகளோடு ஒருவர் இருக்க வேண்டும். அவைகளோடு படுக்க வேண்டும், அவைகளோடு எழுந்திருக்க வேண்டும், சத்தம் கேட்கிற பக்கம் முதலில் ஓட வேண்டும். டியோடோரோ ஒருவனால் ஆகாது.

கடையைப் பூட்டிவிட்டு ஏப்ரல் கடைசியில் வந்து சேர். வருகிற வழியில் குட்டியையும் வாங்கிக்கொண்டு வா. துப்பாக்கி கொண்டு வராதே, ஊதலும் வேண்டாம். டியோடோரோ தங்குகிற மேய்ப்பன் வண்டியில் உனக்கு இடம் இல்லை. பிஷப் படுத்த இடம் காலியாக இருக்கிறது, அங்கே படுத்துக்கொள். உன் வெள்ளை மேலங்கியை மறக்காமல் எடுத்து வா. ஆடுகள் வெள்ளைக்குப் பழகியிருக்கின்றன.

வெர்னா